புகார் சொல்லாத தெரு

ஊரில் யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று கேபிள்காரனுக்கு எப்படித் தெரியும்? காளிச்சாமி அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். பிடுங்கிப் பார்ப்பான்.

"ஊடு ஊடாப் போயிக் கேட்டா ஒருத்தனும் நெசத்தச் சொல்ல மாட்டான், அம்மணி" என்பான் மனைவி புவனாவிடம். "நியூஸ் மட்டுந்தானுங்க பாப்போம்பான். நைசா ஒயரப் புடுங்கி உட்டுப்போட்டு உக்காந்துக்க. எவன் மொதல்ல கத்தறானோ, அவந்தான் அந்தச் சேனலுக்குச் சொந்தக்காரன்."

சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிற கல்லாங்காட்டுப்புதூரில் அவன்தான் கேபிள் போட்டிருந்தான். மொட்டை மாடியில் காக்கை குளிக்கும் அளவுக்குப் பெரிய டிஷ். மாடி அறையில் சுவரோடு சுவராக அடுக்கிய பெட்டிகள். ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி. எல்லாம் சேர்ந்து ஓடும்போது அந்த அறை அடுப்படியைவிடச் சூடாக இருக்கும். காளிச்சாமி மொபெட்டை எடுத்துக்கொண்டு லைன் பார்க்கப் போய்விட்டால், பெட்டிகளுக்கும் போனுக்கும் புவனாதான் காவல்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் அவள். வேற்று மனிதர் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் சொம்பைக் கதவோரமாக நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் போனில் முகம் தெரியாதே. "படம் வரலீங்க" என்று யாராவது சொன்னால், குரலை வைத்தே இன்னார் என்று கண்டுபிடிப்பாள். இந்தக் குரல் மத்தியானத்தில் என்ன பார்க்கும், அந்தக் குரல் ராத்திரியில் என்ன பார்க்கும், ஏன் பார்க்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். ஊரில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள், கேபிள் பதிவைப் புதுப்பிப்பதற்காகக் கோயமுத்தூர்ப் பெரிய போஸ்ட் ஆபீஸுக்குப் போன காளிச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"புதுச் சட்டம் வந்திருக்குதாமா. தூர்தர்ஷன் ரெண்டு கண்டிப்பாப் போடோணுமாம். நாம ஒண்ணுதான போடறோம்? அடுத்த மாசம் பாக்க வந்தாலும் வருவாங்களாம்."

"அப்ப இன்னொரு பெட்டி வாங்கோணுங்களா?"

"பெட்டி வாங்கி எங்க சொருகறது? பாதி ஊட்டு டிவில பன்னெண்டு பட்டன்தான் இருக்குது. பன்னெண்டும் ரொம்பிக் கெடக்குது. ஒண்ணு எறங்குனாத்தான் இன்னொண்ணு ஏறும். டவுன் பஸ்ஸு மாதிரி."

"நம்ம சேனல எறக்கிப் போடலாமுங்களே?"

காளிச்சாமி திரும்பி அவளை முறைத்தான். நம்ம சேனல் என்பது பன்னிரண்டாவது பட்டன். 'காளி விஷன்' என்று பெயர். மத்தியானம் வீடியோ டெக்கில் ஒரு பழைய படம் ஓடும். படத்துக்கு அடியில் நகைக்கடை, ஸ்டுடியோ, காதுகுத்துக்கு வாழ்த்து என்று எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். படம் தொடங்கும் முன்னால் காளிச்சாமி கைகூப்பி நிற்கும் போட்டோ ஒன்று வரும். அதைப் பார்ப்பதற்காகவே அவன் லைன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு.

ஆகவே மற்றப் பட்டன்களில் பிடுங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றாக.

முதலில் இந்தி. ஏர்போர்ஸில் வேலை பார்க்கிற நான்கைந்து குடும்பங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தன. காளிச்சாமி ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நிமிரவில்லை, போன் அடித்துவிட்டது. ஒரு அம்மாள் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். அடுத்த நாள் தெலுங்கு. மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜுலு போனில் வந்தார்.

"ஏம்மா, எங்க சேனலு செத்துப்போச்சா, இல்ல உங்கூட்டுக்காரன் கொன்னுபோட்டானா?"

"சித்த நேரத்துல வந்துருமுங்க."

"வரோணும். வரலீன்னா நானே மாடியேறி வாரேன்னு சொல்லு. எனக்கு முட்டி வலி. ஏறுனா எறங்க மாட்டேன். சோறும் நீங்கதான் போடோணும்."

மலையாளத்தைப் பிடுங்கிய அன்றைக்குப் பேக்கரிக்காரர் போன்கூடச் செய்யவில்லை. மாவு ஒட்டின கையோடு கடையை அப்படியே போட்டுவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

நான்காம் நாள் கன்னடம். காலையில் பிடுங்கினார்கள். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. போன் அடிக்கவில்லை. மாடிப்படியில் யார் காலடியும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே விட்டுப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தியா?" என்றான் காளிச்சாமி. "ஒரு நாதியில்ல அதுக்கு. எறக்கியாச்சு. அந்த எடத்துல தூர்தர்ஷன் ஏத்திக்கலாம். டியூன் பண்ற பையன் சூலூர்ல இருந்து வரோணும், வரட்டும்."

காளிச்சாமிக்கு விஷயம் அதோடு முடிந்தது. புவனாவுக்கு அப்போதுதான் தொடங்கியது.

ஏனென்றால் அந்தச் சேனல் வந்த கதை அவளுக்கு நினைவிருந்தது. ஊரின் கிழக்கே தேவாங்கர் தெரு. தெரு முழுக்கத் தறி. வெளியில் நம்மைப் போலத் தமிழ் பேசுவார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அவர்களுக்குள் ஒரு கன்னடம் பேசிக்கொள்வார்கள். காளிச்சாமி கேபிள் தொடங்கியபோது அந்தத் தெரு மொத்தமும் ஒரே நாளில் கனெக்சன் எடுத்தது. கன்னடச் சேனல் கிடைக்குமா என்று அவர்களுடைய எஜமானர் ஒரு தடவை வந்து கேட்டார். தெருவுக்குப் பெரியவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சேனல் வந்த அன்றைக்குத் தட்டில் தேங்காய் பழம் வைத்து அனுப்பினார்கள். கேட்டு வாங்கிய தெரு, பறித்தால் பேசாமல் இருக்குமா? அலுத்துப்போய்விட்டதா? புரியவில்லையா? இல்லை, பிடுங்கியதே தெரியவில்லையா?

போனைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காளிச்சாமி லைனுக்குப் போனதும், மேஜையில் கிடந்த, கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். சும்மா போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். டெஸ்டரோடு போனால் கேட்க மாட்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தாள்.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. முதல் வீட்டு வாசலில் நின்று, "லைன் செரியா வருதுங்களான்னு பாக்க வந்தேனுங்க" என்று டெஸ்டரை முன்னால் நீட்டியபடி சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தறியில் உட்கார்ந்திருந்தவள் காலை நிறுத்தினாள். சௌடம்மாள் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், தலைமுடியெல்லாம் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வாங்க அம்மணி, கேபிள்காரர் ஊட்டம்மாவுங்களா? உள்ள வாங்க, உக்காருங்க."

தறிக்கு எதிரே பலகையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால் படமில்லை. வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் கொதிக்க, சன்னமாக 'உஸ்' என்ற சத்தம் மட்டும். எந்தப் பட்டன் என்று புவனாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"புள்ளிதானுங்களே வருது?" என்று கேட்டாள்.

"ஆமுங்க."

"அப்பறம் எதுக்குங்க போட்டு வெச்சிருக்கறீங்க?"

"திடீர்னு வந்துபோச்சுன்னா தெரியோணுமில்லீங்க?" என்று சௌடம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்.

புவனா டெஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்தும் அதே 'உஸ்' வருவது தறிச் சத்தத்துக்கு நடுவே இப்போது கேட்டது.

"உங்களுக்கு அந்தக் கன்னடம் புரியுமுங்களா?"

சௌடம்மாள் சிரித்துவிட்டாள். "பாதி புரியுமுங்க. மீதிய நாங்க திருத்திக்குவோமுங்க. நாங்க ஒண்ணச் சொன்னா அந்த நியூஸ்காரி ஒண்ணச் சொல்லுவா. 'ஏ புள்ள, அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்லு'ன்னு நான் தறில உக்காந்துட்டே சொல்லிக் குடுப்பேனுங்க. அவ எங்க கேக்கறா!" நூல் ஒன்று அறுந்திருந்ததைப் பார்த்து விரலால் முடிந்தாள். "என்ற மகளக் கிளாஸ்ல, உங்க பாஷைக்கு எழுத்தே கெடையாதாமா, ஊட்டுக்குள்ள மொனகற பாஷையாமான்னு கேலி பண்ணுவாங்களாமுங்க. அவளும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தா. எங்களுக்கும் எழுத்துப் படிக்கத் தெரியாதே. டிவில கீழ கன்னட எழுத்து ஓடுச்சு பாருங்க, அன்னைக்குப் பக்கத்துல போயி நின்னு பாத்தா. மூக்கு கண்ணாடில இடிக்கற மாதிரி. இப்ப பள்ளிக்கூடம் உட்டு வந்ததும், 'அம்மா, வந்துருச்சா?'ன்னு கேக்கறா. ரிப்பேரு கண்ணு, செரியாயிரும்கறேன்."

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமுங்களே?"

"நானுங்களா?" சௌடம்மாளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நான் எப்படீங்க சொல்றது? எஜமானர் இருக்காருங்களே. அமாவாசைக்குத் தறி நிக்குமுங்க. அன்னைக்குக் கோயில்ல கூடுவோம். அவங்கவங்க கொறைய அங்க வெப்பாங்க. எல்லாருக்கும் பொதுவானதா இருந்தா, எஜமானர் போயி ஒரே வாயாச் சொல்லுவாருங்க. அதுக்குள்ள ஒரு ஊடு தனியா வந்து வெளியாள்கிட்டச் சடைச்சுக்கிட்டா, அது தெருவுக்கே கேவலமுங்க."

"அமாவாசைக்குக் கூடி என்ன சொல்லுவீங்க?"

"அது கூடுனாத்தானுங்க தெரியும். மோர் குடிக்கறீங்களா?"

புவனா வீட்டுக்குத் திரும்பும்போது அவளுடைய நடை வேகமாக இருந்தது. இரண்டு நாள் ஒயரைப் பிடுங்கி வைத்து, சத்தம் இல்லை, ஆளும் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தத் தெருவோ மாசத்துக்கு ஒருமுறைதான் வாயைத் திறக்கும். திறந்தால் தெரு மொத்தமும் சேர்ந்து திறக்கும். அப்போது என்ன சொல்லும்? சூலூர்க்காரன் ஒருவன் பெரிய டிஷ் போட்டு, ஊர் எல்லைக் குட்டைவரை ஒயர் இழுத்து வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருப்பதை அவள் மறக்கவில்லை. அந்தத் தெரு போனால் காளிச்சாமியின் லைனில் கிழக்கே எதுவும் மிஞ்சாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். காளிச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"டெஸ்டர எடுத்துட்டுப் போனியாக்கும்? எரிஞ்சுதா?"

"வெளையாடாதீங்க."

"பின்ன என்ன அம்மணி? சட்டம் அமாவாசை பாத்தா வரும்? அழுத புள்ளைக்குத்தான் பாலு."

"சில புள்ளைக அமாவாசைக்குத்தான் அழுமாமுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "செரி, எதை எறக்கறது? இந்தியவா? தெலுங்கவா? கோவிந்தராஜுலு நாய்க்கர் மாடியேறி வந்து உக்காந்துக்குவாரு. நீதான் சோறு பொங்கோணும்."

புவனா அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். மறுநாள் மத்தியானம் அவன் போனதும், டெக்கில் படத்தைப் போட்டு, அவன் கைகூப்பும் போட்டோ முடியும்வரை பொறுத்திருந்து, காளி விஷனின் ஒயரைப் பிடுங்கினாள். போன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போன் சும்மா இருந்தது. படத்தில் சண்டை முடிந்திருக்கும் நேரம் ஆயிற்று. கல்யாணம் முடிந்திருக்கும் நேரமும் ஆயிற்று. வெயில் சாய்ந்த பிறகு ஒரே ஒரு போன் வந்தது. வின்ஸ்டன் ஸ்டுடியோ முதலாளி.

"ஏனுங்க, என்ற விளம்பரம் ஓடலீங்களே?"

"படம் பாத்துட்டு இருந்தீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள் புவனா.

"படத்த எவன் பாக்கறான்? விளம்பரம் வர்ற நேரத்துக்குப் போட்டு, வருதான்னு பாத்துப்போட்டு ஆப் பண்ணிருவேனுங்க."

காளிச்சாமி வந்ததும் தானே சொல்லிவிட்டாள். அவன் முகம் கறுத்தது. "மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க" என்றான். "இன்னைக்குப் பக்கத்தூர்ல சந்தை" என்றான். மறுநாள் லைனுக்குப் போகாமல் தானே ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போன் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். பேப்பர் படிப்பதுபோல் இருந்தான். நடுவில் ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தான். உயிரோடுதான் இருந்தது.

அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாள் விடிந்ததும் மாடிக்கு ஏறியவன், திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அந்த டியூன் பண்ற பையன் இன்னைக்கு வர்றான். பன்னெண்டுல தூர்தர்ஷன் ஏத்திக்கச் சொல்லு. கன்னடத்த நீயே சொருகிக்க. போட்டோவ மட்டும் பத்திரமா எடுத்து வெய்யி."

புவனா கன்னடத்தின் ஒயரைச் சொருகினாள். சோதனை டிவியில் புள்ளிகள் சுருங்கி, ஒரு பெண் தெளிவாக வந்து நின்று பேசினாள். புவனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழக்கே சௌடம்மாள் இப்போது என்ன செய்வாள், மகளைக் கூப்பிடுவாளா என்று நினைத்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கிழக்கிலிருந்து சத்தமே இல்லை. எப்போதும் காற்றோடு வரும் தறிச் சத்தம் இல்லை.

அன்றைக்கு ஆடி அமாவாசை.

பொழுது ஏறியதும் வாசலில் ஆட்கள் வந்தார்கள். எஜமானர் ராமலிங்கம் முன்னால். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை. பின்னால் தெருக்காரர்கள் சிலர், ஒவ்வொருவர் தோளிலும் கறுப்பாக ஏதோ தொங்கியது. காளிச்சாமி பாயை விரித்தான். புவனா தண்ணீரைக் கதவோரமாக நீட்டினாள். எஜமானர் மழையைக் கேட்டார். கிணற்றில் தண்ணீர் எத்தனை என்று கேட்டார். காளிச்சாமியின் மொபெட் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு பின்னால் திரும்பித் தலையசைத்தார்.

தோளில் இருந்தவை பாயில் இறங்கின. கேபிள் ஒயர். ஒவ்வொரு வீட்டு ஒயரும் தனித்தனியாக, நூலைச் சிட்டம் போடுவதுபோல வட்டமாகச் சுற்றி, அவிழாமல் இருக்க இரண்டு இடத்தில் நூலால் கட்டியிருந்தது. மண் ஒட்டாமல் துடைத்திருந்தார்கள்.

"உங்க ஒயருங்க தம்பி. ஒரு எடத்துலயும் வெட்டலீங்க. செரியா இருக்குதான்னு பாத்துக்குங்க."

காளிச்சாமி ஒரு சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு ஆயிரம் சிரமம் இருக்கும். சூலூர்க்காரரு கன்னடம் போடறேன்னாரு. காலைல கூடிப் பேசுனோம். அவ்வளவுதானுங்க. நாளைக்கும் நாம பாத்தாச் சிரிச்சுக்கத்தான் போறோம்."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமுங்களே!"

எஜமானர் அவனைக் கனிவாகப் பார்த்தார். "எங்க தெருவுல போனே இல்லீங்களே தம்பி."

புவனா கதவோரத்தில் நின்றிருந்தாள். இவ்வளவு ஆண்களுக்கு முன்னால் அவள் வந்து நின்றதே இல்லை. வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய் டிவியைப் போட்டு, பட்டனை அழுத்தினாள்.

கன்னட நியூஸ்காரி வந்தாள்.

பாயில் இருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. நியூஸ்காரி ஏதோ ஊரில் வெள்ளம் என்று சொன்னாள் போலிருக்கிறது. படத்தில் தண்ணீராக ஓடியது. அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒருவர் 'இச்' கொட்டி, தங்கள் வார்த்தையைச் சொல்லித் திருத்தினார். இன்னொருவர் சிரித்தார். எஜமானர் திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது. அவர் வாயோரத்திலும் அது இருந்தது.

"இது எப்ப வந்துதுங்க?" என்றார்.

"காலைலயே வந்துருச்சுங்க" என்றாள் புவனா. தன் குரல் அறைக்குள் கேட்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. "நீங்க ஒயரக் கழட்டிப்போட்டீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியலீங்க. சட்டத்துக்கு எங்க சேனலத்தான் எறக்கிப்போட்டோம். இனி உங்களுது போகாதுங்க."

காளிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமுங்க" என்றான்.

எஜமானர் ஒயர்ச் சிட்டங்களைப் பார்த்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "கூடி முடிவு பண்ணிட்டமுங்களே. நான் ஒருத்தனா இதை மாத்த முடியாது. மறுபடியும் கூடுனாத்தான்."

"அடுத்த அமாவாசைக்குங்களா?" காளிச்சாமி எழுந்தே நின்றுவிட்டான்.

எஜமானர் வாசல் வழியாக வெயிலைப் பார்த்தார். "இன்னைக்கு அமாவாசை இன்னும் முடியலீங்களே தம்பி" என்று எழுந்தார்.

வாசல் வேப்பமரத்தடியில் அவர்கள் வட்டமாக நின்று பேசினார்கள். புவனா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உள்ளே டிவியில் ஓடுகிற பேச்சும், வெளியே மரத்தடியில் ஓடுகிற பேச்சும் அக்கா தங்கை போல இருந்தன. ஜாடை ஒன்று, குணம் வேறு. மரத்தடிப் பேச்சில் நடுநடுவே தமிழ் தட்டுப்பட்டது. "தூர்தர்ஷன்" தட்டுப்பட்டது. "டெஸ்டர்" என்ற சொல்லும் தட்டுப்பட்டது. எல்லாரும் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

எஜமானர் மட்டும் உள்ளே வந்தார். குனிந்து, ஒரு சிட்டத்தை எடுத்துக் காளிச்சாமியின் கையில் கொடுத்தார்.

"கழட்டத்தான் எங்களுக்குத் தெரியுமுங்க. மாட்டறதுக்கு நீங்கதான் வரோணும்."

பொழுது சாய்வதற்குள் காளிச்சாமி கிழக்குத் தெருவின் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறி இறங்கினான். புவனா கீழே நின்று, ஒவ்வொரு சிட்டமாக நூல் கட்டை அவிழ்த்து ஒயரை மேலே விட்டுக்கொண்டிருந்தாள். சிக்கே இல்லாமல் அவிழ்ந்தது. "இப்படிச் சுத்தறதுக்கு எனக்குக் கை வராது போ" என்றான் அவன் மேலேயிருந்து. ஒயரை முடுக்கிவிட்டுக் குரல் கொடுத்தான்: "அம்மணி, மொத ஊட்டுல படம் வருதான்னு கேளு!"

கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே சௌடம்மாள் யாருக்கோ சத்தமாக ஒரு வார்த்தையைத் திருத்திச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.